வெறும் தொட்டில்

செல்வக்கனிக்கு முதலில் சந்தேகம் வந்தது தன் தாலாட்டின்மேல்தான்.

பாட்டு ஒன்றும் பிரமாதமில்லை. ‘தேரிக் காத்தே தள்ளி வீசு, தேனு முத்து தூங்கப் போறா’ என்று அவளாகக் கட்டிய நாலு வரி. குரலும் அப்படி இப்படித்தான். அவள் வேலை பார்க்கும் பள்ளியில் இறைவணக்கம் பாட அவளை யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் பாட்டும் தொட்டிலும் பொருந்திப் போயிருந்தன. கூரைக் கொக்கியில் ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் கட்டிய பழைய நூல் சேலை, சேலைக்குள் கைக்குழந்தை முத்தரசி. இழுத்து விட்டால் தொட்டில் மேலும் கீழும் நிதானமாக அசையும். ஓர் அசைவுக்கு ஒரு சொல் என்று பாட்டு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கொஞ்ச நாளாகப் பாட்டு பிந்தியது. சொல் வாயில் இருக்கும்போதே தொட்டில் மேலே வந்துவிடும். விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அவளும் வேகத்தைக் கூட்டினாள். கூட்டிக் கூட்டித் தாலாட்டு பட்டாளத்து நடைக்கு வந்துவிட்டது. மூச்சிரைக்கப் பிள்ளையைத் தூங்க வைக்கிற தாய் உலகத்தில் தான் ஒருத்திதான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

சிரிப்பு அதிக நாள் நிலைக்கவில்லை. செல்வக்கனி ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். எடை வேறு, நிறை வேறு என்று வருஷா வருஷம் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுப்பவள். பூமி உன்னை எவ்வளவு இழுக்கிறது என்பது எடை. உன்னை அசைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது நிறை. ஸ்பிரிங்கில் தொங்கும் பொருளுக்கு நிறை கூடினால் ஆட்டம் மெதுவாகும், குறைந்தால் வேகமாகும். பரீட்சையில் தவறாமல் வரும் இரண்டு மதிப்பெண் கேள்வி இது. வளர்கிற பிள்ளை நாளுக்கு நாள் மெதுவாகத்தான் ஆட வேண்டும். முத்தரசி வேகமாகிக்கொண்டே போனாள்.

“ஏங்க, ஸ்பிரிங்க மாத்திப் பாப்பமா?” என்றாள் கணவனிடம்.

ஆதிலிங்கம் மறுநாளே புது ஸ்பிரிங் வாங்கி வந்தான். அவன் பனைவிளை ஏவுதளத்தில் பொறியாளன். ஸ்பிரிங் விஷயத்தில் அவனை ஏமாற்ற முடியாது. மாற்றியும் பார்த்தார்கள். பாட்டு அப்படியேதான் பிந்தியது.

ஆஸ்பத்திரியில் தராசு சத்தியம் செய்தது. எடை கூடியிருக்கிறது, மாதத்துக்கு வேண்டியதைவிட ஒரு கை தூக்கல் என்றார் டாக்டர். “நாடி வேகமா இருக்கே?” என்று கேட்டாள். “சின்னப் பிள்ளைக்கு அப்படித்தாம்மா இருக்கும்.” “அழுற சத்தம் கீச்சுக் கீச்சுன்னு...” “நல்லா அழட்டும், நுரையீரல் பலமாகும்.” படித்த தாய்மார்களுக்கே இந்த வியாதி என்பதுபோல் அவர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும், ஆஸ்பத்திரியில் போட்ட ஊசியின் வலியில் முத்தரசி அழுதாள். கன்னத்தில் வழிந்த கண்ணீர் தாடையில் ஒரு நொடி நின்று கீழே விழுந்தது. விழுந்தது என்று சொல்வது சரியில்லை. யாரோ கீழேயிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டதுபோல் போயிற்று. அதே நேரம் செல்வக்கனியின் கண்ணிலிருந்தும் ஒரு துளி விழுந்தது. அது சாதாரணமாக விழுந்தது. இரண்டையும் பார்த்தவள் பிள்ளையின் கன்னத்தை அவசரமாகத் துடைத்தாள்.

அன்றைக்கு மத்தியானம் பக்கத்து வீட்டு பிலோமி அக்கா ஒரு கிண்ணத்தில் மீன் குழம்போடு வந்தாள். பிலோமியின் கணவருக்குச் சொந்தமாக வள்ளம் இருந்தது. செல்வக்கனிக்குத் தாய் இல்லாத குறையைப் பிரசவ நாளிலிருந்து தீர்த்துவைத்தவள் பிலோமிதான். பத்தியச் சாப்பாடு முதல் பிள்ளையைக் குளிப்பாட்டுவது வரை அவள் சொன்னதுதான் சட்டம். தொட்டில் கட்டிய அன்றே, “காத்து கருப்பு அண்டாம இருக்க அடியில இரும்பு ஒண்ணு போட்டு வையி” என்று சொல்லியிருந்தாள்.

ஆதிலிங்கம் அதற்கு வீட்டிலிருந்த அரிவாளையோ ஆணியையோ போட்டிருக்கலாம். அவனுக்குத் தன் வேலையின்மேல் அப்படி ஒரு பெருமை. ஏவுதளத்தில் ஆயுத பூஜையன்று, இனி உதவாது என்று கழித்த வளையம் ஒன்றுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, முதல் சோதனையை நடத்திய அவன் கையிலேயே நினைவுப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். காப்பு அளவில் கறுத்த உலோக வளையம். அதைத்தான் தொட்டில் சேலையின் அடியில் ஒரு பை தைத்து உள்ளே வைத்திருந்தான். “ராக்கெட்டையே தூக்கிவிட்ட இரும்பு. இதுக்கு எந்தப் பேய் வரும்?” என்றான்.

செல்வக்கனி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினாள். முழங்கை இடித்துத் தொட்டில் ஆடத் தொடங்கியது. பிள்ளை இல்லாததால் ஸ்பிரிங் சுருங்கி, சேலை உயரத்தில்தான் நின்றது. ஆனால் ஆட்டம்? மெதுவாக இறங்கியது. நின்று யோசித்துவிட்டு மெதுவாக ஏறியது. தன் பழைய பாட்டின் சொல் ஒவ்வொன்றும் அந்த அசைவில் வந்து உட்காருவது செல்வக்கனிக்குக் கேட்டது.

“ஏட்டி கனி! வெறும் தொட்டில ஆட்டாதட்டி, பிள்ளைக்கு ஆகாது!” பிலோமி பாய்ந்து தொட்டிலைப் பிடித்தாள். தொட்டில் நிற்கவில்லை, அவள் கையையும் இழுத்துக்கொண்டு கொஞ்சம் கீழே போயிற்று. “என்னட்டி உள்ள? அம்மிக்கல்லையா போட்டு வச்சிருக்க?”

“வளையந்தாங்க்கா.”

பிலோமி தையலுக்குள் விரலை விட்டு வளையத்தை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். “கனமே இல்லியே” என்று அதை மேசைப் பக்கம் கொண்டுபோகத் திரும்பினாள். கை போயிற்று, வளையம் கூடவே போகவில்லை. பிடி நழுவிவிட்டது.

வளையம் கீழே விழுந்தது. கிணற்றுத் தண்ணீரில் போட்ட காசு இறங்குவதுபோல், அவசரமே இல்லாமல், இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க அந்த அறையின் காற்றில் இறங்கித் தரையைத் தொட்டது.

“மாதாவே” என்று பிலோமி சிலுவை போட்டுக்கொண்டாள்.

செல்வக்கனி பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். தோளில் ஒட்டியிருந்த சின்ன நெஞ்சு குருவி நெஞ்சாக அடித்துக்கொண்டிருந்தது.

*

ஆதிலிங்கம் வந்து வளையத்தை மூன்று முறை கீழே போட்டுப் பார்த்தான். மூன்றாம் முறை போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“அது செத்துப்போச்சுன்னு சொன்னாவ கனி. இனிமே விழுங்காதுன்னு எழுதிக் குடுத்துட்டாவ.”

“எத விழுங்காது?”

அவன் சொன்னான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது ராக்கெட்டுக்காகவே சொன்ன பழமொழி. ஒரு பிடி பொருளை மேலே அனுப்ப மூட்டை மூட்டையாக எரிபொருள் வேண்டும். பொருளின் நிறையையே பாதியாகக் குறைத்துவிட்டால் என்ன என்று பனைவிளையில் யோசித்தவர் ரங்கநாயகி மேடம். எடுத்த நிறை எங்கேயாவது போக வேண்டுமே, அதற்குத்தான் வளையங்கள்.

“எப்படி எடுப்பீங்க?”

“சாமானையும் வளையத்தையும் ஒரே மேடைல சேத்துக் கட்டி ஆட்டுவோம். மேலயும் கீழயும். ஆட ஆட, சாமானோட நிறை வளையத்துக்குள்ள எறங்கிரும். எடை மாறாது. தராசுல ஒண்ணும் தெரியாது.” சொல்லிக்கொண்டிருந்தவன் தொட்டிலைப் பார்த்தான்.

செல்வக்கனிக்குப் பாக்கியை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று ஊரில் சொல்வார்கள். இங்கே ஆட்டியதே கிள்ளியதாகப் போயிற்று. காலை, மத்தியானம், சாயங்காலம் என்று பாட்டுப் பாடிப் பாடி அவள் கையாலேயே இழுத்துவிட்டிருக்கிறாள். கணவன்மேல் வந்த கோபத்தைவிடத் தன் கையின்மேல் வந்த அருவருப்பு பெரிதாக இருந்தது.

“திருப்பி எடுக்க முடியுமா?” என்று மட்டும் கேட்டாள்.

அதைக் கேட்கத்தான் ரங்கநாயகி மேடத்தை வீட்டுக்கு வரவழைத்தார்கள். நரைத்த தலையும் காட்டன் புடவையுமாக, நல்லவராகத்தான் தெரிந்தார். பிள்ளையின் நாடியைப் பிடித்து எண்ணியவர், கடிகாரத்தைப் பார்த்து மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

“எடுக்கத்தான் கத்துண்டிருக்கோம்மா. குடுக்க இன்னும் தெரியலை” என்றார். “ஆனா குழந்தையைக் காப்பாத்தலாம். நிறை குறைஞ்ச சாமானை வேற சாமானோட லாரியில ஏத்த மாட்டோம். ஏன் தெரியுமா? ரெண்டும் சேர்ந்து குலுங்கினா குறையைப் பங்கு போட்டுக்கும். ஒண்ணுகிட்ட இருக்கறது இன்னொண்ணுக்குப் போயிடும், ரெண்டும் ஒரே மாதிரி ஆற வரைக்கும். நீ அவளைத் தூக்கிண்டு நடந்திருக்கியே, அதனாலதான் இத்தனை நாள் தாங்கியிருக்கா.”

“அப்ப நான் தூக்கிட்டே இருந்தா?”

“உன்கிட்டேருந்து அவளுக்குப் போகும். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து குடுத்தா ஆளுக்குக் கொஞ்சம்தான் குறையும். பாடகியா இருந்தா சுருதி மாறிடுத்தேன்னு வருத்தப்படலாம். வேற ஒண்ணும் தெரியாது.”

“இந்த வளையம்?”

“அசையாம இருந்தா ஒண்ணும் செய்யாது. யாரும் எடுத்துண்டு போக வேண்டாம். தூக்கிண்டு போறவா கூடவே அசையறாளே, அவாகிட்டேருந்து எடுத்துடும். வண்டியில வெச்சா வண்டியில இருக்கறவா. கயிறு கட்டி இழுத்தா இழுக்கறவா. இருந்த இடத்துலயே இருக்கட்டும். குடுக்கற வழியைக் கண்டுபிடிச்சதும் நானே வரேன்.” வாசல்வரை போய்த் திரும்பினார். “வெளியில சொல்ல வேண்டாம். ஆராய்ச்சியை மூடிட்டா அந்த வழியும் சேர்ந்து மூடிடும்.”

அது மிரட்டலா, வேண்டுகோளா என்று செல்வக்கனிக்குப் புரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம். அந்த ஊருக்கு ரோடும் பள்ளிக்கூடமும் பெயரும் ஏவுதளத்தால் வந்தவை. ஏவுதளத்தின்மேல் சொல்லை எறிந்தால் எங்கே போய் விழும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வாயை அடைத்தது அதுவல்ல. வளையத்துக்குள் தன் பிள்ளையில் பாதி இருக்கிறது, ஒருநாள் திரும்பி வரும் என்ற ஆசைதான்.

பூங்காவில் பெரியவர்கள் உட்காரும் ஊஞ்சல் ஒன்று இருந்தது. சாயங்காலந்தோறும் புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளையை நடுவில் அணைத்துக்கொண்டு அதில் ஆடினார்கள். புதுக் கல்யாண ஜோடிக்கு இப்போதுதான் தேன்நிலவு வந்திருக்கிறது என்று தெருவே கேலி செய்தது. கேலி செய்யட்டும். கொஞ்சம் கொஞ்சமாக முத்தரசியின் அழுகை பிள்ளை அழுகையாயிற்று. நாடி அடங்கியது. ஆதிலிங்கத்தின் குரலில் லேசாக ஒரு மெல்லிசு ஏறியது. செல்வக்கனி மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடத்தது. அவ்வளவுதான். அவர்கள் வாழ்நாளில் அத்தனை சந்தோஷமாக எதையும் இழந்ததில்லை.

பிலோமி மட்டும் விடவில்லை. “அந்தச் சனியன எதுக்கட்டி வீட்டுல வச்சிருக்க? எங்க வீட்டுக்காரர்ட்ட குடு, ஆழக்கடல்ல போட்டுட்டு வந்துருவாவ.”

“வேண்டாங்க்கா. கடல் ஆடிக்கிட்டேல்லா இருக்கு” என்றாள் செல்வக்கனி. பிலோமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆறுதலாக அவள் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

வளையத்தைப் பழையபடி சேலையின் அடியில் வைத்து, தொட்டிலை அசையாமல் தொங்கவிட்டார்கள். அந்த அறையில் யாரும் புழங்குவதில்லை. வெறும் தொட்டிலை ஆட்டக்கூடாது என்பதை அவர்கள் வீட்டில்போல் வேறெங்கும் அத்தனை கண்டிப்பாகக் கடைப்பிடித்திருக்க மாட்டார்கள்.

*

முத்தரசிக்கு இரண்டு வயது ஆகிவிட்டது. மேடம் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் “இன்னும் கொஞ்ச நாள்” என்று ஆதிலிங்கத்திடம் சொல்லி அனுப்பினார். அடுத்து மனிதர்களையே நிறை குறைத்து அனுப்பப் போவதாக ஏவுதளத்தில் பேச்சு அடிபட்டது. “மேடம் ஒத்துக்கிட மாட்டாவ” என்று ஆதிலிங்கம் சொன்னான். அவனுக்கே அதில் நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

ராக்கெட் ஏவும் நாளெல்லாம் பனைவிளையில் திருவிழா. மொத்தத் தெருவும் மொட்டைமாடிக்கு ஏறிவிடும். கிழக்கே புகை கிளம்பும், நெருப்பு ஏறும், அதற்கப்புறம் சத்தம் வரும். சன்னல் கதவுகள் கடகடக்கும், பாத்திரம் உருளும், வயிற்றுக்குள் குலுங்கும். பிள்ளைகள் கைதட்டும். செல்வக்கனியும் ஒவ்வொரு தடவையும் மகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குத்தான் போயிருக்கிறாள்.

அன்றைக்கு முத்தரசிக்குக் காய்ச்சல். ஆதிலிங்கம் வேலையில் இருந்தான். செல்வக்கனி மகளை மடியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தாள். சத்தம் வந்தது. சுவர் அதிர்ந்தது. மூடி வைத்திருந்த அறைக் கதவு அதிர்ச்சியில் தானாகத் திறந்துகொண்டது.

“பாப்பா ஆடுது” என்றாள் முத்தரசி.

உள்ளே தொட்டில் அசைந்துகொண்டிருந்தது. இறங்கி, நெடுநேரம் நின்று, ஏறியது. செல்வக்கனி தன்னையறியாமல் பாட்டை முணுமுணுத்தாள். தேரி. காத்தே. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கலாம், வாங்கி விடலாம், இன்னும் நேரம் இருந்தது. கைக்குழந்தையின் ஆட்டமில்லை அது. நடந்து ஓடித் திரிகிற பிள்ளையின் ஆட்டம். தன் மடியில் கிடப்பவளை அதில் போட்டால் எப்படி ஆடுவாளோ அப்படி ஆடியது. மகள் வளர்ந்ததுபோலவே அந்த அறைக்குள் அதுவும் வளர்ந்திருந்தது.

எதைத் தின்று வளர்ந்தது?

சன்னல் இன்னும் லேசாகக் கடகடத்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்து நின்றாள். வளையத்தை யாரும் ஆட்டவில்லை. ஒவ்வொரு ஏவலிலும் தரை ஆடியிருக்கிறது. தரைமேல் இருந்த வீடு, தெரு, மாடியில் நின்று கைதட்டிய சனம், நடுவில் வளையம், எல்லாம் சேர்ந்துதான் ஆடியிருக்கின்றன. பனைவிளை முழுவதும் ஒரே மேடையாகியிருக்கிறது. தெருப் பிள்ளைகளின் கூச்சல் காதைக் கிழிக்கிறது என்று அவளே சலித்துக்கொண்டதுண்டு. இந்த ஊரில் எல்லாருக்குமே நாடி வேகம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றலாகிப் போன டாக்டர் ஒருவர் சொன்னதும் நினைவுக்கு வந்தது. ஊரே சேர்ந்து குறைந்தால் குறைந்தது யாருக்குத் தெரியும்?

சுவருக்கு அப்பால் ஒரு குழந்தை அழுதது. பிலோமியின் மகள் ரீத்தா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்து சில நாட்கள்தான் ஆகின்றன. தொட்டில் கிடக்கும் அறைக்கும் அந்தப் பிள்ளை படுத்திருக்கும் அறைக்கும் நடுவில் ஒரே சுவர்.

அழுகை கீச்சுக் கீச்சென்று இருந்தது.

செல்வக்கனி கொல்லைச் சுவரருகே போனாள். பிலோமி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். “பிள்ளை அழுதா எலி கத்துதான்னு எனக்கே தெரியலட்டி” என்று சிரித்தாள். “ஆஸ்பத்திரில கேட்டாச்சு. எடை நல்லாருக்கு, பயப்படாதீயன்னுட்டாவ.”

பத்தியக் குழம்பு கொண்டுவந்த கை, பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்ட கை, துணியை உதறிக் கொடியில் போட்டது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கச் செல்வக்கனிக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வருஷமாக ஓர் ஆசையைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். என் பிள்ளையில் பாதி என்று காத்தது இப்போது அடுத்தவள் பிள்ளையை மென்றுகொண்டிருக்கிறது.

ஆதிலிங்கத்தைத் தொலைபேசியில் பிடிக்க அரைமணி ஆயிற்று. அவன் மேடத்திடம் கேட்டுவிட்டு மறுபடி லைனுக்கு வந்தான்.

“அடுத்த மாசம் ஆளனுப்பிப் பாக்கலாம்னு சொல்லுதாவ.”

“அதுக்குள்ள இன்னொரு ராக்கெட் இருக்கா?”

“நான் வாரேன் கனி. நான் எடுத்துட்டுப் போறேன். கொண்டுவந்தவன் நாந்தான.”

“எப்ப விடுவாவ?”

“இன்னைக்கு விடமாட்டாவ. வாசல் கேட்ட அடச்சிட்டாவ.”

“தேரி மணலுக்குள்ள அதிர்ச்சி ஏறாதுன்னு ஒருநாள் சொன்னீங்கள்லா?”

“ஆமா. நுணுக்கமான கருவியெல்லாம் அங்கதான வச்சிருக்கு. அந்தச் செம்மணல் எல்லாத்தையும் அமத்திரும்...” சொல்லிவிட்டுத்தான் அவனுக்குப் புரிந்தது. “கனி, வேண்டாம். நீ தூக்காத. நான் சொல்லுறதக் கேளு.”

அவள் போனை வைத்துவிட்டாள். முத்தரசியைப் பிலோமியிடம் விட்டாள். “ஒரு வேலையிருக்குக்கா, இப்ப வந்துருதேன்.”

தொட்டிலின் பையைப் பிரித்து வளையத்தை எடுத்தாள். கையில் கனமே இல்லை. ஆனால் வாசலைப் பார்த்துத் திரும்ப மறுத்தது. கைப்பிடியை விடாத பிள்ளையைக் கடைக்குள்ளிருந்து இழுத்து வருவதுபோல் மெல்ல மெல்லத்தான் கிளப்ப முடிந்தது. முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். அவள் நின்றால் அது நிற்காமல் முன்னே இழுத்தது. அவள் வேகமாகப் போனால் பின்னே இழுத்தது. அதன் நடைக்குத் தன் நடையை விட்டுக்கொடுத்த பிறகுதான் சமாதானமாக வந்தது.

ஊர் முடிந்து பனைகள் முடிந்து செம்மணல் தொடங்கியது. வெயில் சாயவில்லை. வெறுங்கையாக இருந்த இடது கை இடுப்பிலிருந்த முடிச்சைத் தட்டிக்கொண்டிருந்ததை அவள் பாதி வழியில்தான் கவனித்தாள். நிறுத்தத் தோன்றவில்லை. வயிற்றில் பத்து மாதம், மடியில் மூன்று மாதம், அப்புறம் கூட்டில் அடைத்த கிளியாக இரண்டு வருஷம் வைத்திருந்ததை ஒரு தடவையாவது இடுப்பில் வைத்து நடக்கிறாள். அழுகை வந்தது. அழுகையோடு பாட்டும் வந்தது.

‘தேரிக் காத்தே தள்ளி வீசு.’ முதல் வரியில் குரல் அவளுடையதாக இருந்தது. மணலில் ஏற ஏற மேலே போயிற்று. மேட்டு உச்சியில் பாடியது யாரோ பள்ளிக்கூடத்துச் சிறுமி. நெஞ்சு படபடவென்று அடித்தது. கால் இடறியது. கையை ஊன்ற நினைப்பதற்குள் முகம் மணலில் இருந்தது. இத்தனை வேகமாக அவள் என்றைக்கும் விழுந்ததில்லை. அப்போதுதான் எவ்வளவு போயிருக்கிறது என்று அவளுக்கு உறைத்தது. யானைப் பசிக்குச் சோளப்பொரி; இடுப்பில் இருந்தது இன்னும் சலனமில்லாமல் இழுத்துக்கொண்டிருந்தது.

இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் கையாலேயே மணலைத் தோண்டினாள். ஈரம் வரும் ஆழத்துக்குத் தோண்டினாள். முடிச்சை அவிழ்த்து வளையத்தை விட்டாள். அது எப்போதும்போல் அவசரமில்லாமல் குழிக்குள் இறங்கியது. “தூங்கு” என்று சொல்லி மூடினாள்.

திரும்பி வரும்போது தெருவில் எதிர்ப்பட்ட யாருக்கும் அவள் வணக்கம் சொல்லவில்லை. எல்லாரிடமிருந்தும் ஓரமாகத் தள்ளியே நடந்தாள். பிலோமி வாசலில் முத்தரசியோடு நின்றாள்.

“எங்கட்டி போன? முகமெல்லாம் மண்ணு!”

“ஒண்ணுமில்லக்கா.”

பிலோமி திடுக்கிட்டாள். “தொண்டைக்கு என்னட்டி ஆச்சு?”

குரலைக் கேட்டு முத்தரசியும் ஒரு கணம் தயங்கினாள். பிறகு முகத்தைப் பார்த்துத் தெளிந்து, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

“அம்மா, தூக்கு.”

செல்வக்கனி குனிந்தாள். நீட்டிய கைகள் மகளின் அக்குளைத் தொடப் போயின. குறைந்ததும் நிறைந்ததும் சேர்ந்து அசைந்தால் பங்கு போட்டுக்கொள்ளும் என்று மேடம் சொன்னது நினைவுக்கு வந்தது. கைகளை இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

முத்தரசி தூக்கிய கைகளை இறக்காமல் நின்றாள்.

“அம்மா கையில மண்ணு, கண்ணு” என்றாள் செல்வக்கனி.